முன்வரிசையை ஆக்கிய ஆசிரியர்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் ஆழத்தையும் அமைதியையுமே பேசுவர். குன்றுகள் காவல் நிற்க, கடல் உள்ளே புகுந்து பெருங்குளம்போல் அடங்கிக் கிடக்கும் அத்துறையைக் கைக்கொள்ள ஐரோப்பிய வல்லரசுகள் மாறி மாறிப் போரிட்டன. முடிவில் ஆங்கிலக் கடற்படை அங்கே நிலைகொண்டது. 1957ஆம் ஆண்டில் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைக்கும்வரை அது அகலவில்லை. கடற்படைகள் தங்கும் துறைகளுக்குப் பீரங்கியும் எண்ணெயும் மட்டும் வந்து சேர்வதில்லை. மாலுமிகளின் விளையாட்டுகளும் உடன் வந்து சேரும். உலகின் எத்தனையோ துறைமுகங்களில் உதைபந்தாட்டம் கரையேறிய வழி அதுவே. இன்று மாலைப் பொழுதில் ஏகாம்பரம் மைதானத்திலும், மக்கெய்சர் விளையாட்டரங்கிலும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வெளிகளிலும் பந்தின் பின்னே ஓடும் சிறுவர்களுக்கு அந்தக் கப்பல்கள் பாட்டன் காலத்துக் கதை. ஆட்டமோ அவர்களுடைய சொந்த உடைமை.

அச்சிறுவர்களை அணி பிரிந்து நிற்கச் சொன்னால் ஒரு வேடிக்கையைக் காணலாம். பந்துக்காப்பாளனாக நிற்க ஒருவனும் முன்வரமாட்டான். பின்காவலுக்கு இளையவனும் மெலிந்தவனும் தள்ளப்படுவர். எஞ்சிய அனைவரும் முன்னணி வீரர்களாகிவிடுவர். கோல் அடிப்பவனைத்தான் ஊர் தோளிலே தூக்குகிறது; அவனுக்குப் பந்தைத் தந்தவனை யாரும் கேட்பதில்லை. ஆதலின் முன்வரிசை என்பது இயற்கையிலே திறமை வாய்ந்த சிலர் வந்து நிற்கும் இடம், அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, காவலுக்குத்தான் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஆட்டத்தின் வரலாறே எடுத்துக் காட்டும்.

திருகோணமலைக் கரையிற் கரைவலை இழுப்பாரைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் கரையிலிருந்து இழுக்கின்றனர். நடுவிலுள்ள மடியிலேதான் மீன் சேர்கிறது. ஆயினும் மீனைச் சேர்ப்பது மடியன்று. இருபுறத்துக் கைகளும் ஒரே அளவாக இழுப்பதுதான். ஒரு பக்கத்தார் தம் வலிமையைக் காட்ட விரைந்து இழுத்தால் வலை கோணும். மீன் மறுபக்கமாய் வெளியேறிவிடும். எப்போது விரைவது, எப்போது தளர்வது என்று சொல்லக் கரையிலே ஒருவர் வேண்டும். உதைபந்தாட்டத்தின் முன்வரிசையும் அத்தகையதே. கோல் அடிக்கும் கால் மடியை ஒத்தது. இழுக்கும் கைகளை ஒழுங்கு செய்பவர் பயிற்றுநர்.

இவ்வுண்மையை ஆசியக் கண்டத்திலே நடைமுறையிற் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் என்பது அவர் பெயர். இலங்கையின் ஆட்ட வரலாற்றுக்கும் அவர் காலத்து இந்திய அணிக்கும் தொடர்பு உண்டு. 1952ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் கொழும்புக் கிண்ணத்துக்காகக் கொழும்பிலே மோதின. அம்முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த மூன்று ஆண்டுகளில் இரங்கூனிலும் கல்கத்தாவிலும் டாக்காவிலும் நடைபெற்ற போட்டிகளில் இந்தியாவே வென்றது. அந்த இந்திய அணி எவ்வாறு உருவாயிற்று என்பது இலங்கையர்க்கும் பயன்தரும் கதை.

அதனை அறியுமுன் முன்வரிசையின் பழைய அமைப்பை அறிதல் வேண்டும். உதைபந்தாட்டத்தின் தொடக்க காலத்தில் பெரும்பாலான அணிகள் ஒரே முறையில் நின்றன. காப்பாளருக்கு முன்னே இரண்டு பின்காவலர். அவர்க்கு முன்னே மூன்று இடைவீரர். அவர்க்கு முன்னே ஐந்து முன்னணி வீரர். இரு ஓரங்களிலும் இருவர், அவர்களுக்கு உட்புறமாய் இருவர், நடுவிலே ஒருவர் என ஐவரும் ஒரு கோட்டில் அணிவகுத்துச் சென்றனர். நடுவில் நிற்பவரே மைய முன்னணி வீரர். ஓரத்தவர் பந்தைக் கொண்டோடி உள்ளே உயர்த்தி அனுப்ப, மையத்தவர் தலையாலோ காலாலோ அதனைக் கோலுக்குள் தள்ளுவார். தந்தைக்குப்பின் மகன் அதே தொழிலைச் செய்வதுபோல, ஒவ்வொருவரும் தமக்கென வகுத்த இடத்தைவிட்டு அகலாது ஆடினர்.

1925ஆம் ஆண்டில் ஓஃப்சைட் விதி மாற்றப்பட்டது. அதுவரை, முன்னே நிற்கும் வீரருக்குப் பந்தை அனுப்ப வேண்டுமாயின் அவருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். அவ்வாண்டு முதல் இருவர் இருந்தாற் போதும் என்றாயிற்று. முன்னணி வீரர்க்குத் திடீரென வழி திறந்தது, கோல்கள் குவிந்தன. இதற்கு மாற்றாக, இலண்டன் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் என்னும் மேலாளர் நடு இடைவீரரைப் பின்னே இழுத்து மூன்றாம் காவலராக்கினார். நடுவிலே வெற்றிடம் தோன்றவே, உள்முன்னணியினர் இருவரையும் சற்றுப் பின்வாங்கச் செய்தார். மேலிருந்து நோக்கினால் முன்வரிசை ஐவரும் ஆங்கிலத்து 'டபிள்யூ' எழுத்துப்போல் நின்றனர். ஒரு சட்டத்தின் ஒரு சொல் மாறியது; ஒரு பயிற்றுநர் சிந்தித்தார்; உலகமெங்கும் முன்வரிசையின் வடிவமே மாறியது. முன்வரிசை இயற்கையாய் அமைவதன்று, வகுக்கப்படுவது என்பதற்கு இது முதற் சான்று.

இனி ரகீமின் கதைக்கு வருவோம். 1909ஆம் ஆண்டில் ஐதராபாத்திற் பிறந்த அவர் கலைப் பட்டதாரி. அந்நகரப் பாடசாலைகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் தகுதி பெற்றார். தாமும் ஆடியவரே எனினும் அவரை வரலாறு ஆட்டக்காரராக நினைவிற் கொள்ளவில்லை. ஆசிரியராகவே நினைவிற் கொண்டது. அவர் கைப்பட்ட ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் பெருங்கழகங்களே இந்திய உதைபந்தாட்டத்தின் முடிசூடா மன்னர்களாக விளங்கிய நாளில், தக்காணத்துப் பொலிஸ்காரர்கள் இவ்வாறு வென்றது பெருவியப்பை விளைத்தது.

அவருடைய பயிற்சி முறைகள் வகுப்பறையின் இயல்பை உடையவை. இந்திய ஆட்டக்காரர்களுக்கு அந்நாளில் ஒரு பெருங்குறை இருந்தது. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு மூவரை நால்வரை ஏய்த்துச் செல்வதே திறமை என்று அவர்கள் எண்ணினர். பார்ப்போரும் அதற்கே கைதட்டினர். ரகீம் இதனைக் கண்டித்து உரையாற்றிக்கொண்டிருக்கவில்லை. பந்தைக் கொண்டோடி ஏய்ப்பதையே தடைசெய்யும் போட்டிகளை ஏற்படுத்தினார். அங்கே பந்து கிடைத்தவன் அதனை உடனே தோழனுக்குத் தள்ளியாக வேண்டும். தள்ளுமுன் தோழன் எங்கே நிற்கிறான் என்று அறிந்திருத்தல் வேண்டும்; அறிய வேண்டுமாயின் பந்து வருமுன்பே தலைநிமிர்ந்து பார்த்திருத்தல் வேண்டும். இவ்வாறு ஒரு சிறிய விதி, பத்துச் சொற்பொழிவுகள் செய்யமாட்டாத வேலையைச் செய்தது.

இன்னொரு போட்டியும் அவர் நடத்தினார். அதில் வழக்கமான காலாற் பந்தை உதைத்தல் ஆகாது. வலக்காலன் இடக்காலால் ஆடவேண்டும். இடக்காலன் வலக்காலால் ஆடவேண்டும். ஒற்றைக் காலில் மட்டும் வல்லவன் எப்பக்கம் திரும்புவான் என்பதை எதிரி முன்னரே அறிந்துகொள்வான். இரு கால்களிலும் வல்லவனுக்கு முன்னே காவலன் தடுமாறுவான். எழுத்துப் பழகும் பிள்ளையின் தவறிய எழுத்தையே மீண்டும் மீண்டும் எழுதச் செய்யும் ஆசிரியரின் வழி அது.

இத்தகைய ஆசிரியருக்கும் பெருந்தோல்வி ஒன்று காத்திருந்தது. 1951ஆம் ஆண்டில் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அந்த மகிழ்ச்சி தணியுமுன், 1952 யூலை மாதத்தில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் யூகோஸ்லாவியா 10 கோல் அடிக்க, இந்தியா ஒன்று மட்டும் அடித்தது. இந்தியர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வடநாட்டுக் குளிரிலும் ஈரப்புல்லிலும் கால் நிலைகொள்ளவில்லை. அதன்பின் காலணியணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. ஊரார் வெறுங்காலையே பழித்தனர். ஆனால் குறை காலில் மட்டுமன்று, அமைப்பிலும் இருந்தது. இந்திய முன்வரிசை பழைய முறையில் ஒரு கோடாய் நின்றது. பந்து பின்னே சிக்கியபோது முன்னே நின்ற ஐவரும் வெறும் பார்வையாளராயினர்.

அதே ஹெல்சிங்கியில் தங்கப் பதக்கம் பெற்ற நாடு ஹங்கேரி. அந்நாட்டார் முன்வரிசையின் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருந்தனர். 1953 நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்ளி அரங்கில் இங்கிலாந்தை அவர்கள் 6க்கு 3 என வென்றபோதுதான் உலகம் அதனை முற்றாக உணர்ந்தது. ஹங்கேரியின் மைய முன்னணி வீரர் ஹிதேகுட்டி அன்று மூன்று கோல்கள் அடித்தார். ஆனால் அவர் மையத்தில் முன்னே நிற்கவேயில்லை. பின்னே இறங்கி நின்றார். அவரைக் காக்க நியமிக்கப்பட்ட ஆங்கிலேயர் இருதலைக்கொள்ளி எறும்பானார். பின்தொடர்ந்து சென்றால் கோலுக்கு முன்னே பெருவெளி திறக்கும். அதிலே உள்முன்னணியினர் பாய்வர். செல்லாது நின்றால் ஹிதேகுட்டி தடையின்றிப் பந்தைப் பெற்று எங்கும் அனுப்புவார். முன்னேறுவதற்கு ஒருவர் பின்வாங்க வேண்டும் என்ற இந்த முரண்பாடே புதிய முன்வரிசையின் உயிர்நிலை.

ரகீம் இப்பாடத்தைக் கற்றார். கற்றதை அப்படியே பெயர்த்து நடவுமில்லை. ஐரோப்பியரின் உடற்பருமனும் உயரமும் தம் வீரர்க்கு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். உயர்த்தி அனுப்பும் பந்தால் அவர்களை வெல்ல இயலாது. ஆதலின் தரையோடு பந்தைக் குறுகிய தூரத்தில் விரைந்து மாற்றுதல், உள்முன்னணியினர் இறங்கிவந்து இடைவீரரோடு கலத்தல், திறந்த வெளியிலே விரைவுடைய ஒருவர் பாய்தல் என்பனவே அவர் வகுத்த நெறிகள்.

அதன் பயன் 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக் விழாவில் வெளிப்பட்டது. முதற் சுற்றில் எதிர்கொள்ளவேண்டியிருந்த ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா கால் இறுதிக்குச் சென்றது. அங்கே எதிரணி ஆஸ்திரேலியா. ஆடுகளமும் அரங்கத்தாரும் அவர்களுடையோர். டிசெம்பர் 1ஆம் நாள் இந்தியா 4க்கு 2 என வென்றது. மூன்று கோல்களை நெவில் டி சூசா அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசியர் ஒருவர் ஒரே போட்டியில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் முறை. நான்காவது கோல் கிட்டு என அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியுடையது. ஒலிம்பிக் அரை இறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெயரும் இந்தியாவுக்குக் கிட்டியது.

அரை இறுதியில் எதிர்ப்பட்டது பழைய யூகோஸ்லாவியாவே. இடைவேளைக்குப்பின் முதற் கோலை அடித்தவர் டி சூசா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் வாங்கிய நாடு இப்போது முந்தி நின்றது. பின்னர் யூகோஸ்லாவியர் நான்கு கோல்கள் அடித்து வென்றனர்; மூன்றாம் இடத்துக்கான போட்டியிலும் பல்கேரியா 3க்கு 0 என வென்றது. பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் பத்துக்கு ஒன்று என்ற கணக்கு நான்குக்கு ஒன்றாக மாறிய இடைவெளியில் காலணி மட்டும் இல்லை, கல்வியும் இருந்தது.

மெல்பேர்ண் அணியிலே இளையவராய் இடம்பெற்றவர்களுள் இருவர் பின்னாளில் இந்திய முன்வரிசையின் தூண்களாயினர். ஒருவர் வலப்புற ஓரத்தில் ஓடிய பி. கே. பானர்ஜி. மற்றவர் துளசிதாஸ் பலராம். இந்தப் பலராம் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வறுமை சூழ்ந்த வீடு. பயிற்சிக்கு நெடுந்தூரம் வரவேண்டும், வருவதற்கு வழியில்லை. மிதிவண்டி வாடகைக்கு ரகீமே பணம் தந்து தம்மை வரவழைத்தார் எனப் பலராம் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. முன்வரிசையை ஆக்குதல் என்பது கரும்பலகையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைவதோடு முடிவதன்று. வர இயலாத பிள்ளையை மைதானத்துக்கு வரச் செய்வதும் அதன் முதற்பகுதியே. அன்று அந்த மிதிவண்டி வாடகை கொடுக்கப்படாதிருந்தால், ஆசியாவின் சிறந்த முன்னணி வீரருள் ஒருவரை அம்முகூடாத் தெருக்களுக்கு வெளியே எவரும் அறிந்திருக்கமாட்டார்.

பானர்ஜி, பலராம் ஆகிய இருவரோடும் கல்கத்தாவின் சுனி கோஸ்வாமி சேர்ந்தார். மூவரும் மூன்று இயல்பினர். பானர்ஜி விரைவும் வலிய உதையும் உடையவர். கோஸ்வாமி பந்தை அடக்கி ஆளும் நுட்பம் உடையவர். பலராம் இடப்புறத்திலும் நடுவிலும் நின்று, தாமும் கோல் அடித்துப் பிறர்க்கும் வழி திறப்பவர். இத்தகைய மூவரை ஒரே வரிசையில் நிறுத்துவது எளிதன்று. ஒவ்வொருவரும் பந்து தம்மிடமே வரவேண்டும் என்று விரும்பக்கூடிய ஆற்றலுடையோர். பந்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாத பழக்கத்தை இளமையிலே ஊட்டிய பயிற்சிதான் மூன்று பெருமைகளை ஒரு வரிசையாக்கியது.

1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் பானர்ஜி தலைவராக, இந்தியா கடினமான பிரிவிலே விழுந்தது. ஹங்கேரியிடம் 2க்கு 1 எனத் தோற்றது. பிரான்சோடு 1க்கு 1 எனச் சமநிலை கண்டது. பெருவிடம் 3க்கு 1 எனத் தோற்றது. ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிரான கோல்கள் பலராமுடையவை. பிரான்சுக்கு எதிரானது பானர்ஜியுடையது. யாரிடமிருந்து பாடம் கற்கப்பட்டதோ அந்த ஹங்கேரியை ஒரே கோல் வேறுபாட்டில் எதிர்த்து நின்றது மாணாக்கர்க்குப் பெருமையே.

ஆயினும் ரகீமின் கலை முற்றாய் மலர்ந்தது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில். அங்கே நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் முதற் போட்டியிலேயே இந்தியா தென் கொரியாவிடம் 2க்கு 0 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4க்கு 1 எனவும் ஜப்பானை 2க்கு 0 எனவும் வென்றது. தாய்லாந்துக்கு எதிரான போட்டியில் ஜர்னையில் சிங் தலையிற் காயமுற்றார், தையலிடவேண்டியிருந்தது. அவர் முன்னணி வீரரல்லர். அசையாத கற்சுவரென ஆசியா முழுவதும் பெயர்பெற்ற நடுக்காவலர். அவரின்றி அரை இறுதியை எவ்வாறு எதிர்கொள்வது என்று அனைவரும் கலங்கினர்.

அப்போது ரகீம் செய்ததுதான் இவ்வரலாற்றின் சிகரம். காயமுற்ற காவலரைப் பின்னே நிறுத்தாமல் முன்வரிசையின் நடுவிலே நிறுத்தினார். பின்காவலின் நடுவிடத்தை அருண் கோஷ் நிரப்பினார். தலையிற் கட்டோடு நிற்கும் ஒருவரைக் கோலுக்கு முன்னே அனுப்புவது பித்தர் செயல்போற் தோன்றும். ஆனால் அதன் காரணம் தெளிவானது. காவலர் ஒரு கணம் பிழைத்தாலும் அணி கோல் வாங்கும். முன்னணி வீரர் பிழைத்தால் ஒரு வாய்ப்புத்தான் போகும். அவருடைய உயரமும் உடல்வலிமையும் எதிரணிக் காவலரைத் தம்பால் ஈர்க்கும். அவர்கள் அவரைச் சூழும்போது கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பலராமுக்கும் வெளி கிடைக்கும். ஹிதேகுட்டி பின்வாங்கிக் காவலரை இழுத்தார். ஜர்னையில் முன்னேறிக் காவலரை இழுத்தார். செயல் எதிரெதிர், கருத்து ஒன்றே.

அரை இறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3க்கு 2 என வென்றது. இரண்டு கோல்கள் அணித்தலைவர் கோஸ்வாமியுடையவை, ஒன்று ஜர்னையிலுடையது. செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதிப் போட்டி. எதிரணி, முன்னர் வென்ற அதே தென் கொரியா. இஸ்ரேலும் தாய்வானும் அழைக்கப்படாமை குறித்து இந்தியப் பிரதிநிதி சோந்தி எழுப்பிய எதிர்ப்பினால் இந்தோனேசிய மக்கள் சினங்கொண்டிருந்தனர். பேரரங்கு முழுவதும் இந்தியருக்கு எதிராய் ஆர்ப்பரித்தது. பாகிஸ்தானின் ஹொக்கி வீரர்கள் அங்கே அமர்ந்து இந்தியாவை ஊக்குவித்தனர் என்று இந்திய வீரர்கள் பின்னாளில் நெகிழ்ச்சியோடு கூறுவர். முதலிற் பானர்ஜியும், சில நிமிடங்களுக்குள் ஜர்னையிலும் கோல் அடித்தனர். கொரியர் போட்டியின் இறுதிப் பகுதியில் ஒரு கோல் திருப்பினர். அதற்குமேல் விடாமற் காத்தவர் பந்துக்காப்பாளர் பீற்றர் தங்கராஜ். தங்கராஜும் தமிழரே, இளமையில் மைய முன்னணி வீரராக ஆடத் தொடங்கிக் காப்பாளரானவர். காவலர் ஒருவர் முன்னே சென்று கோல் அடிக்க, முன்னணியில் தொடங்கிய ஒருவர் பின்னே நின்று காக்க, இந்தியா தங்கம் வென்றது.

அந்த வெற்றியின் நிழலில் ஒரு துயரம் மறைந்திருந்தது. ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாயிருக்க வேண்டும் என்று இறுதிப் போட்டிக்குமுன் அவர் வீரரிடம் கேட்டதாகச் சொல்வர். கேட்டதை மாணாக்கர் தந்தனர். 1963 யூன் 11ஆம் நாள், ஜகார்த்தா வெற்றி ஓராண்டு நிறையுமுன், அவர் காலமானார். பலராமும் அவ்வாண்டிலேயே நோயின் காரணமாக இளவயதில் ஆட்டத்தைக் கைவிட்டார்.

அதன்பின் நடந்தவை எண்ணத்தக்கவை. 1964ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970ஆம் ஆண்டு பாங்கொக் விழாவில் வெண்கலம் பெற்றது. ஆனால் ரோமாபுரிக்குப்பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆடும் தகுதியை இந்தியா பெறவேயில்லை. ஆசிய விளையாட்டு விழாவின் தங்கமும் மீளவில்லை. அந்தப் பரந்த நாட்டிற் கால்கள் குறைந்துபோயினவா? இல்லை. 1963க்குப் பின்னும் கல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் கேரளத்திலும் கோவாவிலும் வல்ல இளைஞர் பிறந்துகொண்டுதான் இருந்தனர். அவர்களைச் சிறுவயதிலே கண்டெடுத்து, ஆண்டுக்கணக்கில் ஒரே நெறியிற் பழக்கி, தக்க இடத்திலே நிறுத்தும் தொடர்ச்சி அறுந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் போன்ற மூவர் ஒரே காலத்தில் வாய்த்தமையே வெற்றிக்குக் காரணம், பயிற்றுநர் நற்பேறு பெற்றவர் மட்டுமே என்று சிலர் கூறக்கூடும். மூவரும் இயற்கை ஆற்றல் உடையோர் என்பதை மறுப்பதற்கில்லை. எந்தப் பயிற்றுநரும் பந்தைத் தொடும் மென்மையைக் காலிலே புதிதாய்ப் படைத்துவிட முடியாது. ஆனால் அம்மூவர் ஆடிய அணியே ஜகார்த்தாவின் முதற் போட்டியிற் கொரியரிடம் தோற்றது. பத்து நாள்களுக்குள் அதே கொரியரை வென்றது. இடையிலே வீரரின் ஆற்றல் வளர்ந்துவிடவில்லை. நிற்கும் முறை மாறியது. மாற்றியவர் ஒருவர் இருந்தார். ஆற்றல் விதையென்றால் பயிற்சி உழவு. விதையில்லா உழவு வீண். உழவில்லா விதையும் பறவைக்கு இரையே.

மேலும் ரகீம் விட்டுச்சென்றது பதக்கம் மட்டுமன்று. பானர்ஜி பின்னாளிற் பயிற்றுநராகிக் கல்கத்தாவில் ஒரு தலைமுறையை உருவாக்கினார். ரகீமின் மகன் ஹக்கீம் ரோமாபுரி அணியில் இடம்பெற்று, பின்னர் நடுவராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார். பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020ஆம் ஆண்டில் அடுத்தடுத்து மறைந்தனர். பலராம் 2023இல் மறைந்தார். 2024இல் ரகீமின் வாழ்க்கை 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படமாக வெளிவந்தபோது, அவர் பெயரை முதன்முறை கேட்டவர்கள் இந்தியாவிலேயே பலர். கோல் அடித்தவர்களின் பெயர் நின்றது. அவர்களை ஆக்கியவரின் பெயருக்கு அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனித் திருகோணமலை மைதானத்துக்குத் திரும்புவோம். அம்மாவட்டம் நெடிய போரையும் 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் கண்டது. மாலை ஆட்டங்கள் ஆண்டுக்கணக்கில் ஓய்ந்துபோன காலமும் உண்டு. அவற்றையெல்லாம் தாண்டி மீண்டும் பந்து உருள்கிறது. ஓடும் கால்களுக்குக் குறைவில்லை. அக்கால்களை வரிசையாக்குவதற்கு வேண்டியவை மிகுந்த பொருட்செலவு பிடிப்பனவுமல்ல. ஏய்த்தோடுதலைத் தடைசெய்யும் ஒரு போட்டிக்குப் பணம் வேண்டியதில்லை. மறுகாலாற் பழகுவதற்கு அரங்கு வேண்டியதில்லை. நெடுந்தூரத்திலிருந்து வரும் ஓர் ஏழைப் பிள்ளையின் பஸ் கட்டணம் பெருந்தொகையன்று. வேண்டுவது, இவற்றை நாள்தோறும், ஆண்டுதோறும், கைதட்டல் எதிர்பாராமற் செய்துவரும் ஓர் ஆசிரியர்.

ஒரு பாடசாலை அணி கோல் அடிக்கும்போது ஊரார் கோல் கம்பத்தையே நோக்குவர். அறிந்தவர் சற்றுப் பின்னே நோக்குவர்: பந்தைத் தந்த கால் எது, காவலரை இழுத்துச் சென்று வெளியைத் திறந்தவன் எவன் என்று. இன்னும் நன்கறிந்தவர் ஆடுகளத்தின் ஓரத்திலே நிற்கும் ஒருவரை நோக்குவர். கரைவலையின் மடி நிறைந்து மணலிலே மீன் துள்ளும்போதும், இரு கயிறுகளும் ஒருசேர வந்தனவா என்று பார்த்துக்கொண்டு அவர் கரையிலேதான் நிற்பார்.